கரண்டு போகாத சாயங்காலம்

அன்றைக்கென்று பார்த்துக் கரண்டு போகவில்லை.

ஆம்பூரில் நாள் தவறாமல் நாலு மணிக்குப் போகிற கரண்டு. அதை நம்பித்தான் தோல் கம்பெனி குமாஸ்தா சம்பத் ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். 'ஐ ஆம் ஃபீலிங் அரவுண்ட் ஃபார் த மேட்ச்பாக்ஸ்.' கண்ணுக்குத் தெரியாததைக் கையால் தடவித் தேடுவதற்கு இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்களாம். வெறும் 'சர்ச்சிங்' யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இதைச் சொன்னால் துரை அசந்துபோவார்.

தொழுகைக்குக் கிளம்பும்போது முதலாளி மக்பூல் அகமது சொல்லியிருந்தார்.

"ஜெர்மனி தொரை வருவாரு. நான் வர்ற வரைக்கும் பேசினு இரு. அவருக்குப் புடிச்சிதுன்னா உன்னை மெட்ராஸ் ஆபீசுக்கு அனுப்பிடறேன்."

மெட்ராஸ்! தோல் வாடை ஒட்டாத சட்டை, சாயங்காலக் கடல்காற்று. சம்பத் தரையில் நடந்து ஒரு வாரமாகிறது.

சாம்பிள் அறையில், சிவந்த முகத்தோடு தொப்பிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயில் பட்டால் தோல் வெளுக்குமென்று அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது. ஆனால் பல்பு ஜம்மென்று எரிந்தது.

சம்பத் பேனாவை மேசைக்கடியில் நழுவவிட்டான். அங்கேயும் வெளிச்சம். கண்ணெதிரே கிடப்பதைத் தடவித் தேடினால் வாக்கியம் பொய்யாகிவிடுமே! மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தடவினான். மேசை மேலிருந்த டீ கவிழ்ந்து தொப்பிக்காரர் பேன்ட்டில் கொட்டியது.

"சாரி சார்!"

அவர் பேன்ட்டைக் கவனிக்கக்கூட இல்லை. பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இவரும் கரண்டு போகத்தான் காத்திருக்கிறார் போல என்று சம்பத்துக்குத் தோன்றியது. நைசாக வெளியே போய் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

அடடா, என்ன இருட்டு! தூக்கத்தில் நடக்கிறவன் போல அறைக்குள் வந்தான். தொங்கும் ஆட்டுத்தோல்கள் கன்னத்தில் மெத்தென்று பட்டு விலகின.

"ஐ ஆம் ஃபீலிங் அரவுண்ட் ஃபார் த மேட்ச்பாக்ஸ், சார்!"

சொல்லிவிட்டான்! தடவிய விரல்களில் ஒரு கை அகப்பட்டது. என்ன மிருது! பெரிய மனிதர் கையல்லவா? அதைக் குலுக்கியபடியே மெட்ராஸைப் பற்றி, கடலைப் பற்றி, தெரிந்த இங்கிலீஷையெல்லாம் பேசித் தீர்த்தான். துரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை பொறுமையாக அவன் பேச்சை யாரும் கேட்டதில்லை. சம்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

டீ கொடுக்கும் எல்லம்மா மெழுகுவத்தியோடு வந்தாள். சம்பத் பிடித்திருந்தது, மர அச்சில் மாட்டியிருந்த சாம்பிள் கையுறையை. நாற்காலி காலி.

"இங்க இருந்த தொரை எங்கம்மா?"

"தொரையா? அவரு ஒயரு சரி பண்ண வந்த அரக்கோணத்து சட்டைக்காரரு சார், ஆங்கிலோ இந்தியன். இனிமே கரண்டே போவாதுன்னாரு. இப்ப கரண்டு போச்சேன்னு கம்பத்தாண்ட ஓடிட்டாரு."

"அப்ப ஜெர்மனி தொரை?"

"இப்பத்தான் கார்ல வந்து எறங்கினாரு. உள்ள ஒரே இருட்டா கீதுன்னு பக்கத்து கம்பெனிக்குப் போய்ட்டாரு."