திராட்சைப் பந்தலில் திட்டிய கம்ப்யூட்டர்

ஆம்பிளைக்கு ஒரு புது மிஷினை வாங்கிக் கொடுத்துப் பாருங்கள், அடுத்த நிமிஷமே அவன் சின்னப்பிள்ளை ஆகிவிடுவான். எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. (வயசு மட்டும்தான்.)

நான் வாங்கியது சீட்டுக்கட்டு அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, வெறும் பச்சைப் பலகை. டிவியில் செருகினால்தான் அதற்கு முகமே வரும். என் மனைவி செல்வி சீரியல் பார்க்கும் நேரமாகப் பார்த்துச் செருகினேன்.

"பாதி சாமானைக் கடையிலயே வச்சிட்டு வந்துட்டீகளா?" என்றாள்.

பழைய செல்போன் சார்ஜரில் போட்டேன். கரண்ட் பத்தாமல் மயங்கி மயங்கி விழுந்தது. நல்ல சார்ஜர் வந்ததும் எழுந்து உட்கார்ந்தது. அதைக்கொண்டு ஒரு பொட்டு விளக்கை மினுக்கவைத்த அன்று தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அந்தப் பலகை நிஜமாகவே அதிசயம்தான். உள்ளங்கையில் அடங்கிக்கொண்டு, சொன்னதை அச்சுப் பிசகாமல் செய்யும். வினையும் அதில்தான் இருந்தது.

ஒருநாள் வேலை முடிந்ததென்று பிளக்கைப் பிடுங்கினேன். மறுநாள் அது எழும்பவே இல்லை. முறைப்படி அணைக்காமல் பிடுங்கினால் மெமரி கார்டு கெட்டு, எழுதியதெல்லாம் போய்விடுமாம். மறுபடி முதலிலிருந்து எல்லாம். அன்றிலிருந்து ‘ஷட்டவுன்’ சொல்லாமல் அதைத் தொடுவது மகாபாவம் என்று நம்ப ஆரம்பித்தேன்.

வாத்தியார் வேலை போக, உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம் உண்டு. குலை கறுத்தால் மைனாவும் கிளியும் குடும்பத்தோடு வந்து இறங்கும். கொத்தின பழத்தில் சாறு வழிந்து குலையே அழுகிவிடும், வியாபாரி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். அந்த வருஷம் மழை வேறு பாதியை அடித்துவிட்டது. மிச்சம் நல்லபடியாக விற்றால்தான் மகளைக் காலேஜில் சேர்க்கமுடியும்.

பந்தலில் கேமராவையும் ஸ்பீக்கரையும் கட்டிப் பலகையோடு இணைத்தேன். அசைவு தெரிந்தால் ஸ்பீக்கர் கத்தும். வெடிச்சத்தம் வைத்தேன், கிளிகள் சீக்கிரமே பழகிக்கொண்டன. அப்புறம் செல்வியின் குரலைப் பதிவு செய்தேன்.

"ஏலே, திருட்டுப்பயலே! யாரைக் கேட்டு வாயில வைக்கிற? இங்கன நின்ன, தோலை உரிச்சுப்புடுவேன்!"

ஒரு பறவை தங்கவில்லை. இத்தனை வருஷமாக நானே நடுங்கிக்கொண்டிருக்கிறேன், மைனா எம்மாத்திரம்!

மத்தியானம் வருவதாகச் சொன்ன வியாபாரி காதர் பாய் காலையிலேயே வந்துவிட்டார். பெரிய மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். வியாபாரிகள் வழக்கப்படி, ஓரத்துக் குலையை நம்பாமல் நேரே நடுப்பந்தலுக்குப் போய் ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டார்.

"ஏலே, திருட்டுப்பயலே!"

பாய் திடுக்கிட்டுத் திரும்பினார். அதுவும் அசைவுதானே? மறுபடி திட்டு. வரப்பிலிருந்து நான் ஓடினேன். அதற்கும் ஒரு திட்டு.

"பாய், அசையாதீக! அப்படியே நில்லுங்க!" என்று கத்தினேன். (துப்பாக்கி வைத்திருப்பவன்கூட இவ்வளவு மிரட்டலாகச் சொல்லமாட்டான்.)

மனுஷன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். செல்போன் வழியாகத்தான் பலகையை அணைக்கமுடியும். நான் தரையில் உட்கார்ந்து அதை எடுத்தேன். பாஸ்வேர்டு தப்பு. மறுபடியும் தப்பு.

"ஒரு நிமிஷம் பாய், முறையா அணைக்கணும்."

"தோலை உரிச்சுப்புடுவேன்!" என்றது ஸ்பீக்கர்.

சத்தம் கேட்டு மோட்டார் ரூமிலிருந்து செல்வி ஓடிவந்தாள். "வயரைப் பிடுங்குங்க!"

"கார்டு போயிரும் செல்வி!"

"இங்க மானம் போகுது, கார்டாம் கார்டு!" ஒரே இழுப்பு. பந்தல் அமைதியானது.

பாய் மெல்லக் கையை இறக்கினார். திட்டியது இவள் குரல்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "ஆத்தா, நான் ஒத்தைப் பழந்தான் தின்னேன்."

"ஐயோ, உங்களை இல்ல பாய், கிளியச் சொன்னது!" என்று செல்வி கண்கலங்கிவிட்டாள்.

அவர் குலை குலையாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மகள் காலேஜ் அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பந்தல் கடைசியில் நின்று திரும்பினார்.

"கொத்தின பழம் ஒண்ணுகூட இல்லையே வாத்தியாரே! முழுசும் எனக்கே. என் தோட்டத்துக்கும் அந்த மிஷின் ஒண்ணு வேணும். குரலை மட்டும் மாத்திப்புடாதீக."

கார்டு போயேபோய்விட்டது. எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன். குரலையும் மறுபடி பதிவு செய்யவேண்டியிருந்தது. இந்தத் தடவை செல்வி என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள், முதல் தடவையைவிட அருமையாக வந்தது.

மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். போன அறுப்புக்குப் பாய் தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பழம் பளபளவென்று தொங்கியது. சும்மா ஒன்றைப் பறித்து வாய்க்குக் கொண்டுபோனேன்.

"ஏலே, திருட்டுப்பயலே!"

பழத்தைக் கீழே போட்டுவிட்டு, "இல்ல செல்வி, சும்மாதான்" என்றேன். பக்கத்தில் நின்ற செல்வி வாயையே திறக்கவில்லை. பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அசையாதீக வாத்தியாரே, முறையா அணைக்கணும்!"