மீன் தலையும் என் எதிர்ப்புச் சக்தியும்

சாகக் கிடந்து பிழைத்த ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள், மலாக்கா மாநிலத்திலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவன் வேறு யாருமில்லை, என் மனைவியின் தங்கை புருஷன் பாலன்.

காரணம் ஒரு மீன் தலை. கோலா சுங்கை பாருவில் என் மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறியில் கிடக்கும் தலை, மூத்த மாப்பிள்ளை தட்டுக்குத்தான் வரும். பன்னிரண்டு வருடமாக அந்த மூத்த மாப்பிள்ளை நான். நானும் பெரிய மனசு பண்ணி, கன்னத்துச் சதையைக் கையாலேயே பிய்த்துப் பக்கத்திலிருக்கும் பாலன் தட்டில் வைப்பேன்.

கோவிட் வந்தது. தடுப்பூசிக்குக் கூப்பிட்ட அன்றன்றே ஓடிப்போய் இரண்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். (புகைப்படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியதைச் சொல்லாமல் விடுகிறேன்.) பாலன் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டான். பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு கிடந்து, பாதி ஆளாகத் திரும்பினான். அடுத்த ஞாயிறு தலை அவன் தட்டில் விழுந்தது. உடம்பு தேறட்டும் என்றார் மாமியார். தேறினான், தொப்பையே போட்டான். தலை மட்டும் என் பக்கம் திரும்பவில்லை.

போதாக்குறைக்குப் பேச்சு வேறு. "அண்ணே, உங்க எதிர்ப்புச் சக்தி ஊசியில வந்தது. என்னோடது சண்ட போட்டு வாங்குனது லா." வீடே அவன் வாயைப் பார்த்தது. எனக்கு வயிறு எரிந்தது. (கறியில் காரம் என்று மனைவியிடம் சொல்லிவைத்தேன்.)

யாருடைய எதிர்ப்புச் சக்தி பெரிது என்று ரத்தம் கொடுத்துப் பார்ப்போம், ஜெயித்தவனுக்கே தலை என்று சவால் விட்டேன். டவுன் கிளினிக் ஒன்றில் இருவரும் கொடுத்தோம். டாக்டர் போன் செய்தபோது குடும்பமே சாப்பாட்டு மேசையில் இருந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன். அந்த விரலை இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த எண்களை வைத்து யாருடையது பெரிது என்று சொல்ல முடியாதாம். ஊசியிலும் எதிர்ப்பு வரும், நோயிலும் வரும், இரண்டும் நாளாக நாளாகக் குறையும். நோயில் கிடைப்பது ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும். ஊசியில் அந்த ஆபத்து இல்லை. பாலனும் போட்டுக்கொள்வது நல்லது என்றார். என் கை மெல்ல மீன் தலையை நோக்கி நகர்ந்தது.

"ஆனா சார், உங்களுக்கும் கோவிட் வந்து போயிருக்கு. நீங்க போட்ட ஊசியால வராத ஒரு எதிர்ப்பும் உங்க ரத்தத்துல இருக்கு. ஊசி போட்டிருந்ததால வெறும் சளி மாதிரி போயிருக்கும்."

மாமியார் விரல் விட்டு எண்ணினார். "மாப்பிள்ள, பாலன் படுக்குறதுக்கு நாலு நாள் முன்னாடி இருமிக்கிட்டே வந்தீங்க. கேட்டதுக்கு சைனஸ்னு சொன்னீங்க."

அன்றைக்கும் இருமிய கையாலேயே கன்னத்துச் சதையைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தேன் என்பதை என் மனைவி எடுத்துக் கொடுத்தாள்.

பாலனைக் கொன்றிருப்பேனே என்று அப்போதுதான் உறைத்தது. பாலன் மீன் தலையைத் தன் தட்டுக்கு இழுத்து, கன்னத்துச் சதையைப் பிய்த்து என் தட்டில் வைத்தான்.

"சாப்பிடுங்க அண்ணே. எனக்கு முத ஊசி போட்டதே நீங்கதான்."

அடுத்த வாரமே நிஜ ஊசியும் போட்டுக்கொண்டான். தலை நிரந்தரமாக அவனுடையது, கன்னம் என்னுடையது. இன்றும் அந்த வீட்டில் நான் தும்மினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. மாமியார் எழுந்துபோய் மீன் சட்டியை மூடிவிடுகிறார்.