அருவித் தண்ணீர் குடித்த எஞ்சின்

தென்காசியில் குடியிருந்துகொண்டு, சாரல் காலத்தில் வாரம் தவறாமல் குற்றாலத்துக்குப் போய், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மேலே படாமல் திரும்பி வந்த ஒரே மனிதர் எஞ்சின் டாக்டர்தான். ஊர் ஊராக வேன் பிடித்து வந்தவர்கள் தலையில் எண்ணெய் வழிய அருவிக்கு வரிசையில் நிற்பார்கள். அதே வரிசையில் இவர் ரெயின்கோட், தொப்பி, முட்டளவு பூட்ஸ் சகிதம் இரண்டு வெள்ளை கேன்களோடு நிற்பார். முறை வந்ததும் கேன்களைக் குளிப்பாட்டிவிட்டு நடையைக் கட்டுவார்.

"சார், குளிக்கலையா?" என்று யாராவது கேட்டால், "எனக்கில்ல, எஞ்சினுக்கு" என்பார். கேட்டவர்கள் அதற்குமேல் பேச்சை வளர்த்ததில்லை. சற்றுத் தள்ளி நின்றுகொள்வார்கள்.

நான் வளர்த்தேன். ஒரு பத்திரிகையின் நிருபராகத் தென்காசியில் இருந்த சில வருடங்களும் அவர் வீட்டுக்கு எதிரில்தான் குடியிருந்தேன். தொழிலில் அவர் பல் டாக்டர். முன்னறையில் கிளினிக், பின்னால் தோட்டம், தோட்டத்தில் ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் அந்த நீராவி எஞ்சின். பொம்மையா என்று முதல் நாள் கேட்டுவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். தையல் மிஷின் அளவுதான் இருக்கும். ஆனால் நிஜமாகவே கரி எரிந்து, தண்ணீர் கொதித்து, நீராவியில் ஓட வேண்டிய எஞ்சின். பின்னால் கோத்த பலகை வண்டியில் ஆள் உட்கார்ந்து, தோட்டத்தில் போட்ட தண்டவாளத்தில் போகலாம். இது அவர் சொன்னது. போனதை யாரும் பார்த்ததில்லை.

அருவித் தண்ணீரின் காரணத்தை என் வாயைத் திறக்க வைத்துத்தான் விளக்கினார்.

"இங்கன பாருங்க தம்பி, உங்க கீழ்ப்பல்லுக்குப் பின்னால காரை படிஞ்சிருக்கு. நம்ம போர் தண்ணிய ஊத்துனா பாய்லருக்குள்ளயும் இதே காரைதான் படியும். இங்க படிஞ்சா பல்லு ஆடும். அங்க படிஞ்சா வீடே ஆடும். அருவித் தண்ணில உப்பு கெடையாது, பாத்துக்கிடுங்க."

வாயில் பஞ்சை அடைத்த பிறகுதான் பாடம் சூடுபிடிக்கும். "நீராவி சிலிண்டருக்குள்ள போயி பிஸ்டனைத் தள்ளுது. சரி. தள்ளுன பொறவு அது எப்படித் திரும்பி வருது, சொல்லுங்க பாப்போம்?"

"ஆ... ஆ..."

"கரெக்ட். அந்தப் பக்கமும் நீராவிய விடணும்."

எதிர்த்துப் பேச முடியாத ஆட்கள் வேண்டும் என்றே இந்தத் தொழிலுக்கு வந்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் திரும்புவதை யோசித்துக்கொண்டிருந்ததில், பல்லைப் பிடுங்கியது எனக்குத் தெரியவில்லை.

கிளினிக்குக்கும் கொட்டகைக்கும் நடுவே எல்லை என்று எதுவும் இல்லை. வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியின் ஜோடி ஒன்று பாய்லருக்குள்ளும் போய் வந்தது. ஒருநாள் புளியறைப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவருக்குப் பல் அச்செடுத்துக்கொண்டிருந்தார். அடுப்பு மூட்டி விட்டுவந்த எஞ்சின், நீராவி மிஞ்சியதும் வால்வைத் திறந்து பேரிரைச்சலோடு சீறியது. "திறந்துட்டு! சரியா திறந்துட்டு!" என்று டாக்டர் கொல்லைக்கு ஓடினார். சமையல் கேஸ்தான் வெடிக்கிறது என்று டிரைவர் வாயில் மாவோடு தெருவுக்கு ஓடினார். அன்றைய அச்சில் பல்லைவிடப் பயம்தான் நன்றாகப் பதிந்திருந்தது.

இதையெல்லாம் டோக்கன் மேஜையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார் டாக்டரம்மா. டாக்டரின் மனைவியைத் தெரு அப்படித்தான் கூப்பிடும். அந்தக் கொட்டகை அவருடைய ஸ்கூட்டருக்காகக் கட்டப்பட்டது. எஞ்சின் உள்ளே போனது, ஸ்கூட்டர் வெளியே வந்தது. சாரல் முழுக்க அது நனையும். காலையில் அவர் உதைப்பார், அது இருமும். அவருடைய பித்தளைச் செம்பு ஒன்றும் காணாமல் போய், பாய்லரின் முதுகில் கும்பமாகக் கவிழ்ந்திருந்தது. அதைக்கூட மன்னித்துவிட்டார். ஸ்கூட்டரை மன்னிக்க முடியவில்லை.

ஒருநாள் நோயாளிகள் முன்னாலேயே தீர்ப்பு வந்தது. "இந்தச் சாரல் முடியுததுக்குள்ள என்னைய உக்கார வச்சு, அந்தக் கெணத்து மேட்டுல ஏத்திக் காட்டுங்க. ஏறலைன்னா எஞ்சின் பழைய இரும்புக்கு, ஷெட்டு என் ஸ்கூட்டருக்கு."

"ஏட்டி, அது வெறும் இரும்பில்ல. செம்பும் இருக்கு."

"அப்ப ரொம்ப நல்லது."

டாக்டரே வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

தண்டவாளம் கொட்டகையில் கிளம்பி, தென்னைகளைச் சுற்றி, கிணற்றோரம் மேடேறி இறங்கும். சாரல் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே தோட்டத்தில் நின்றது. பழைய இரும்புக்கடை அண்ணாச்சி தள்ளுவண்டியோடு வந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன?" என்றேன்.

"சும்மா வேடிக்கை பாக்க வந்தேன் தம்பி."

"வண்டி எதுக்கு?"

"அதுவும் பாக்கட்டுமே."

சிரட்டைக்கரி கனன்றது. அருவித் தண்ணீர் கொதித்தது. முன்பலகையில் டாக்டர், பின்பலகையில் குடை பிடித்தபடி டாக்டரம்மா. எஞ்சின் ஒருமுறை தும்மியது, பிறகு நகர்ந்தது. குப், குப் என்று வெள்ளையாக ஊதிக்கொண்டு தென்னைகளைச் சுற்றி வந்தபோது, கைதட்ட வேண்டும் என்பதுகூட யாருக்கும் நினைவில்லை. அவ்வளவு சின்ன அடுப்பு இரண்டு பேரை இழுப்பதை நான் குனிந்து குனிந்து பார்த்தேன்.

மேட்டில் பாதி ஏறியதும் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. தூறலில் தண்டவாளம் வழுக்கியது. மணல் தூவினால் பிடிக்கும். தோட்டத்து மணலோ ஊறிக் கிடந்தது. டாக்டர் பையில் கையை விட்டு, பல்லுக்கு மெருகேற்றும் பொடியைத் தூவினார். அது தூறலில் பசையாகி, தண்டவாளம் பளபளவென்று ஆனதுதான் மிச்சம். வண்டி ஒரு முழம் பின்னால் சறுக்கி நின்றது. மறுபடி முயன்றார். மறுபடி சறுக்கியது.

இரும்புக்கடை அண்ணாச்சி தள்ளுவண்டியை நேராக்கினார்.

டாக்டர் திரும்பிப் பார்க்கவில்லை. நீராவிக் கைப்பிடியில் வைத்த கையை எடுக்கவும் இல்லை. அவருடைய நனைந்த பிடரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா இறங்கினார். குடையை மடக்கித் தன் இடத்தில் வைத்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பலகைக்குப் பின்னால் போய்க் குனிந்து கைகொடுத்தார்.

"டாக்டரம்மா, நீங்க உக்காந்துல்லா போகணும்?" என்றார் அண்ணாச்சி.

"குடை போட்டு எடம் பிடிச்சிருக்கம்லா? பஸ்ஸுல செல்லுதது இங்க செல்லாதோ?"

"இருந்தாலும் தள்ளி ஏத்துனா எப்படி..."

"யாரு தள்ளுதா? செங்கோட்டைக்கு அங்கிட்டு மலை ஏறுத ரயிலுக்குப் பின்னாலயும் ஒரு எஞ்சின் மாட்டுதாங்க. அத யாராச்சும் தள்ளி விட்டாங்கன்னு சொல்லுதாங்களா?" பிறகு முன்னால் பார்த்து ஒரு சத்தம்: "என்னங்க, விசில் அடிங்க!"

விசில் அடித்தது. சக்கரம் பிடித்தது. மேட்டின் உச்சியில் குடை மட்டும் பயணியாக வண்டி ஏறி நின்றபோது, தொப்பி கழன்று சாரலில் தொப்பலாக நனைந்திருந்தார் டாக்டர். அண்ணாச்சி தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

போன மாதம் அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். கொட்டகையில் எஞ்சின்தான் இருக்கிறது. ஸ்கூட்டர் இன்னும் வெளியேதான் நனைகிறது. அதன் பின்பக்கம், நம்பர் பலகைக்கு மேலே, டாக்டர் சிவப்புப் பெயிண்டில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்: பின் எஞ்சின். டாக்டரம்மா ஸ்கூட்டரைத் தினமும் துடைக்கிறார். எழுத்து மட்டும் அழியவில்லை.