கிறிஸ்ட்ரோஸுக்கு ஒரு மொட்டை

அடுத்தவர் தலைமுடியைச் சாமிக்கு நேர்ந்துகொள்வது ரொம்பச் சுலபம். குளிரப்போவது நமக்கில்லை பாருங்கள். இந்த விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

எழுபதுகளின் தொடக்கம். ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் அவருக்கு இன்ஜினியர் வேலை. எனக்கு உடுமலைப்பேட்டையில் படித்த எட்டாம் வகுப்பும் ஒரு பழனி முருகன் படமும்தான் சொத்து. மாடியில் நாங்கள், கீழே வீட்டுச் சொந்தக்காரம்மா, தனியாக. வீட்டின் வடக்குப் பக்கம் ஒரு பெரிய மரம். வெயில் எட்டிப் பார்க்காத நிழல். அங்கேதான் அந்தம்மாவின் கிறிஸ்ட்ரோஸ் செடிகள் இருந்தன. கிறிஸ்து ரோஜா என்று பேர்தானே தவிர முள்ளும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஊரே முடங்கிக் கிடக்கும் மார்கழிக் குளிரில், தரையோடு தரையாக வெள்ளை வெளேரென்று பூத்து, புதுப்பெண் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும்.

நட்டவர் அந்தம்மாவின் கணவர். அவர் காலமான பிறகு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முதல் நாள் அந்தப் பூக்களைப் பறித்து அவர் கல்லறையில் வைப்பது வழக்கம். அந்த வருஷம் அந்தம்மா தங்கை வீட்டுக்குப் போனார். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் மத்தியானம் திரும்பிவிடுவதாகச் சொல்லி, செடிகளை என்னிடம் ஒப்படைத்தார். "மொட்டு மேல் விழும் சருகை எடுத்துவிடு. வேறு எதுவும் செய்யாதே. அதற்குத் தொந்தரவு பிடிக்காது." (கடைசி இரண்டு வாக்கியங்களை என் வீட்டுக்காரர் இரண்டு தடவை மொழிபெயர்த்தார். என்னைத் தெரிந்தவர்.)

மல்லிகையும் கனகாம்பரமும் வளர்த்த கை சும்மா இருக்குமா? தினமும் குளித்துவிட்டு, துளசிக்கு ஊற்றுவதுபோல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுவந்தேன்.

அந்த முக்கியமான நாளும் வந்தது. காலையில் சொம்போடு இறங்கினேன். சொம்பு கையை விட்டு நழுவியது. இரவு அடித்த கடுங்குளிரில் அத்தனை செடியும் துவைத்துப் போட்ட துணிபோல் மண்ணில் படுத்துக் கிடந்தது.

"ஏனுங்க! ஓடியாங்க! பூவெல்லாம் செத்துப்போச்சுங்க!"

ஒரு கன்னத்தில் ஷேவிங் சோப்போடு ஓடிவந்தார். குனிந்து பார்த்தார்.

"தண்ணி ஊத்துனியா?"

"ஒரே ஒரு சொம்புங்க."

"தெனமுமா?"

நான் மரத்தைப் பார்த்தேன்.

"போச்சு. வேர்ல ஐஸ் கட்டியிருக்கும். ஃபினிஷ்!" என்று சொல்லிவிட்டு மறு கன்னத்தைக் கவனிக்கப் போய்விட்டார்.

செத்த மனுஷனுக்குக் கொண்டுபோக ஒரு பூ இல்லாமல் பண்ணிவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது. வைத்தியத்தில் இறங்கினேன். ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த துடைப்பத்திலிருந்து ஈர்க்குகளை உருவி, ஒரு பூவை நிமிர்த்திக் கட்டப் பார்த்தேன். 'டக்'கென்று ஒடிந்தது! இனித் தொடக்கூடாது என்று முடிவு செய்து, போர்த்தினேன். அவருடைய கம்பளிச் சட்டை, அதன்மேல் ஓவர்கோட், உச்சியில் குரங்குக் குல்லாய். போர்த்துவதற்கு முன் எல்லாப் பூவுக்கும் விபூதி. பழனி எந்தப் பக்கம் என்று தெரியாததால் நாலு திசையும் சுற்றிக் கும்பிட்டேன்.

"முருகா! அந்தம்மா வர்றதுக்குள்ள இதுக எந்திரிச்சு நிக்கட்டும். இன்னிக்கே மொட்டை!"

சொன்ன பிறகுதான் யாருக்கு என்ற கேள்வி வந்தது. என் பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கும். "எங்க வீட்டுக்காரருக்கு" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டேன்.

மத்தியானம் குளிர் கொஞ்சம் விட்டது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. கேட்டைத் திறந்துகொண்டு அந்தம்மா வந்தார். தோட்டத்தில் ஓவர்கோட் போட்ட யாரோ மண்டியிட்டிருப்பதைப் பார்த்து, "குட்டன் டாக்!" என்று மரியாதையாக வணக்கம் சொன்னார். பதில் வரவில்லை. கிட்டே போய்க் குல்லாயைத் தூக்கினார், கோட்டையும் விலக்கினார்.

உள்ளே அத்தனை பூவும் எழுந்து நின்றது, நெற்றி நிறைய விபூதியோடு!

"முருகா!" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். அந்தம்மா சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னார். கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டே இவர் மொழிபெயர்த்தார்.

"கடுங்குளிர்ல இது எப்பவும் படுத்துக்குமாம். தண்டுல இருக்கற தண்ணிய இறக்கிக்குமாம். குளிர் விட்டாத் தானா எந்திரிச்சுக்குமாம். வருஷா வருஷம் நடக்கறதுதானாம்."

"ஏனுங்க, நான் மொட்டை போடறதா வேண்டிக்கிட்டனுங்க."

"அட, உனக்கு முடி சீக்கிரம் வளந்துரும் சரசு."

"எனக்கில்லீங்க."

இவர் கை தானாகத் தலைக்குப் போனது.

"தானா எந்திரிக்கற செடிக்கு நான் எதுக்கு மொட்டை அடிக்கணும்? லாஜிக்கே இல்லையே!"

"அதுக்கு எந்திரிக்கச் சொல்லிக் குடுத்தது யாருங்க?"

"பழனிக்குப் போறப்பப் பாத்துக்கலாம்."

"இன்னிக்கேன்னு சொல்லிட்டனே!"

என்ன சண்டை என்று அந்தம்மா கேட்டார். நான் வானத்தைக் காட்டினேன், பூவைக் காட்டினேன், இவர் தலையைக் காட்டினேன், இரண்டு விரலால் கத்தரித்துக் காட்டினேன். அந்தம்மா சிரிக்கவில்லை. கடவுளிடம் சொன்னதை மாற்ற முடியாது என்றாராம். (இதை மட்டும் இவர் மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். பல நாள் கழித்துத்தான் சொன்னார்.) உள்ளே போய், தன் கணவர் வைத்திருந்த முடிவெட்டும் கைமெஷினைக் கொண்டுவந்தார்.

சமையலறையில் நாற்காலி போட்டு, அந்தம்மாவே வெட்டினார். பழைய மெஷின் முடியை வெடுக்கென்று பிடித்து இழுக்கும்போதெல்லாம் இவர் "முருகா!" என்று அலறினார். எவ்வளவு பக்தி என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முடியைத் துணியில் முடிந்து, பழனிக்கென்று படத்துக்கு அடியில் வைத்தேன்.

பூக்களைப் பறிக்கும்போது அந்தம்மா விபூதியைத் தொட்டு என்னவென்று கேட்டார். "சாமி" என்றேன். துடைக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார். ஒடிந்த பூவை என்னிடமே கொடுத்து, முருகன் படத்துக்கு வைக்கச் சொன்னார். மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அங்கே ஆண்கள் குல்லாயைக் கழற்ற வேண்டுமாம். இவர் கழற்றினார். புது மொட்டையிலிருந்து இட்லிப் பானை மாதிரி ஆவி பறந்தது. அழுதுகொண்டிருந்த அந்தம்மா அதைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். தன் கணவர் முன்னால் அந்தம்மா அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நாங்கள் அந்த ஊரிலேயே சொந்த வீடு வாங்கிப் போனபோது, செடியடியில் முளைத்திருந்த கன்றுகளைத் தந்தனுப்பினார். அவை எங்கள் நிழலிலும் பூக்கின்றன. எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், பரீட்சை முடிவு வருவதாக இருந்தாலும், பிள்ளைகள் ஓடிவந்து என் வாயைப் பொத்துவார்கள். "அம்மா, மத்தியானம் வரைக்கும் பொறு! வேண்டிக்காதே!"

போன குளிரில் செடிகள் மறுபடி படுத்துக்கொண்டன. நான் பதறிப்போய் நிற்க, ஜன்னல் திறந்தது. வயசில் தானாகவே வழுக்கையாகிவிட்ட தலை ஒன்று எட்டிப் பார்த்தது.

"சரசு! என்கிட்ட இனி ஒண்ணுமில்ல. உன் பின்னலைப் பாத்துக்க!"

மத்தியானம் வரைக்கும் நான் வாயையே திறக்கவில்லை.