பன்றியின் உரத்தைக் குடித்த முயல்

ஒரு காட்டில், அங்கேயும் யூரியா மூட்டை போய்ச் சேர்ந்த பிறகு, பூரணி என்றொரு முயல் குட்டி ஈன்றாள். ஒரே குட்டி. அவளுக்குப் பால் சுரக்கவில்லை. பால்பவுடரைப் பொதுக்கிணற்றுத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினாள். தண்ணீர் பளிங்கு போலத்தான் இருந்தது.

சில நாளில் குட்டியின் உதடு நீலம் பாய்ந்தது. மூச்சு வாங்கியது.

"தண்ணிய நல்லா கொதிக்க வச்சுக் குடுடி" என்றது அக்கம்பக்கம். பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்துக் கொடுத்தாள். குட்டியின் காதும் நீலமானது.

அள்ளிக்கொண்டு டாக்டர் கொக்கிடம் ஓடினாள்.

"கொதிக்க வச்சியா? கெட்டுது போ" என்றார் கொக்கு. "சூட்டுல சாகறதுக்கு இது கிருமி இல்லம்மா, நைட்ரேட்டு. வயல்ல போட்ட உரம் மண்ணுல இறங்கிக் கிணத்துல கலந்திருக்கு. தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். பச்சப்புள்ள ரத்தம் தாங்காது."

சொல்லிக்கொண்டே ஊசியில் மருந்து ஏற்றினார். அதுவும் கருநீலம்.

"ஐயா, இன்னுமா நீலம்?" என்று அலறினாள் பூரணி.

"இந்த நீலத்துக்கு அந்த நீலம்தான் மருந்து. கைய விடு."

சற்று நேரத்தில் குட்டியின் உதடு சிவந்தது. பூரணிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அன்று முதல் மலைச்சுனைத் தண்ணீரைச் சுமந்து வந்து குட்டிக்குக் கொடுத்தாள்.

கிணற்றை ஒட்டிச் சோளம் போட்டிருந்தவர் கொம்பையா என்ற காட்டுப்பன்றி. பூரணி அவரிடம் போய், "அண்ணே, நீங்க கொட்டற உரமெல்லாம் எங்க குடிதண்ணிக்கு வருது. கொஞ்சம் குறைச்சுப் போடுங்க" என்றாள்.

கொம்பையா வாயைப் பிளந்தார். "அதானே பார்த்தேன்! மூட்டை மூட்டையா போட்டும் சோளம் ஏன் சோம்பி நிக்குதுன்னு! என் உரத்த நீங்கதான் குடிக்கிறீங்களா?"

நேரே சிங்கராஜாவிடம் பிராது கொடுத்தார். பஞ்சாயத்து கூடியது.

"உரம் யாருடையது?"

"என்னோடது" என்றார் கொம்பையா.

"குடித்தது யார்?"

"நாங்கதான். ஆனா ராஜா, என் பிள்ளை செத்துப் பிழைச்சிருக்கு" என்றாள் பூரணி.

"அதனால் பிள்ளைக்குப் பாதித் தண்டனை. கிணற்றில் குடித்தவர்கள் எல்லாரும் விடிந்ததும் கொம்பையா வயலில் சிறுநீர் கழித்து, அவர் பொருளை அவரிடமே ஒப்படைக்க வேண்டும்."

காடே வரப்பில் வரிசை கட்டி நின்றது. யானைக்கு முன்னால் நிற்க யாரும் துணியவில்லை. சோளம் தழைத்தது. கொம்பையா அந்தச் சந்தோஷத்தில் இன்னும் நாலு மூட்டை கொட்டினார்.

ஒருநாள் பூரணியின் குட்டி ஒன்னுக்கு இருந்துவிட்டுப் போன இடத்தைக் கொம்பையா மோந்து பார்த்தார். "அடிப்பாவி! இதுல சத்தே இல்ல, வெறும் தண்ணி!"

மீண்டும் பஞ்சாயத்து. சுனைத் தண்ணீர் கொடுத்ததைப் பூரணி ஒப்புக்கொண்டாள். 'கலப்படம்' என்று தீர்ப்பளித்த சிங்கராஜா, குட்டி இனிக் கிணற்றுத் தண்ணீரையே குடிக்க வேண்டும் என்றார்.

பூரணி குட்டியைக் கவ்வினாள், பஞ்சாயத்து முடியும் முன்பே மலை தாண்டிவிட்டாள். அவளை உரத் திருடி என்று காடு இன்றுவரை ஏசுகிறது.

நீதி: தண்ணீர் குடிக்கும் முன், அதில் கலந்திருக்கும் விஷம் யாருடைய சொத்து என்று விசாரித்துக்கொள்ளவும்.