பலாப்பழம் நடித்த படம்

ஒரு காட்டில் ஒரு திரைப்படக் கல்லூரி இருந்தது. நான் அதைப் பார்த்ததில்லை. படத்தொகுப்பு படிக்கும் தோழி ஒருத்தி சொன்னாள். அவளுக்கு அவளுடைய விடுதியில் யாரோ சொன்னார்களாம். ஆகவே எனக்குத் தெரியாத இடங்களில் தெரியாது என்றே சொல்லிவிடுகிறேன். அந்தக் காடு எங்கே இருக்கிறது என்பது தெரியாது.

அந்தக் கல்லூரியில் அஞ்சலை என்றொரு தேவாங்கு இறுதியாண்டு படித்தது. அதன் குடும்பத்தில் அதற்கு முன்பு யாரும் படித்ததில்லை. மரத்தை விட்டு இறங்கியவர்களே குறைவு. வாரம் தவறாமல் அம்மா தேவாங்கு செல்போனில் கூப்பிடும்.

"படிச்சு முடிச்சா என்னவா ஆவ?"

"டைரக்டர் ஆவேம்மா."

"அது கவருமெண்டு வேலையா?"

"இல்லம்மா."

"சரி, நீ படி. யாராச்சும் கேட்டா கவருமெண்டுன்னே சொல்லிக்கறேன்."

இறுதியாண்டுக் குறும்படத்தில் தேறினால்தான் பட்டம். தேறாவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது. மரத்துக்குத் திரும்பிப் போய்ப் பூச்சி பிடிக்க வேண்டியதுதான். இதை நினைத்தாலே அஞ்சலைக்குக் கண்கள் இன்னும் பெரிதாகிவிடும்.

திரைக்கதை சொல்லித்தந்த நாரை வாத்தியார் ஒருநாள் ஒற்றைக் காலில் நின்றபடி அறிவித்தார்.

"இந்த வருஷம் எல்லாரும் ரெண்டே ரெண்டு பாத்திரம் வெச்சுத்தான் படம் எடுக்கணும். ஒருத்தர்கிட்ட இருக்கறது இன்னொருத்தர்கிட்ட இருக்கக் கூடாது. ஒருத்தரோட குறையை இன்னொருத்தர் ஈடுகட்டணும். புரிஞ்சுதா?"

எல்லா விலங்குகளும் தலையாட்டின. அஞ்சலையும் ஆட்டியது. அது ஆட்டி முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

அஞ்சலைக்குக் கூட்டாளியாக வாய்த்தது சொக்கன் என்னும் குரங்கு. சொக்கனின் மாமா சினிமாவில் இருந்தார். சினிமாவில் என்னவாக இருந்தார் என்று மட்டும் சொக்கன் யாரிடமும் சொன்னதில்லை.

வாத்தியார் சொன்னால் சொன்னபடியே செய்துவிட வேண்டும் என்பது, முதன்முதலாகப் படிக்க வந்தவர்களின் பழக்கம். அஞ்சலை ஒரு பாறையின் நடுவே கரியால் கோடு கிழித்தது. இந்தப் பக்கம் கோபம், அந்தப் பக்கம் பொறுமை. இந்தப் பக்கம் முரடு, அந்தப் பக்கம் மென்மை. இந்தப் பக்கம் பிடிவாதம், அந்தப் பக்கம் விட்டுக்கொடுத்தல். கோபக்காரர் வேடத்துக்கு வீரபத்திரன் என்ற முள்ளம்பன்றியையும், பொறுமைசாலி வேடத்துக்குக் கோகிலம் என்ற முயலையும் பிடித்துவந்தார்கள்.

"நீ கேமராவப் பாத்துக்க. ஆக்‌ஷன், கட் எல்லாம் நான் சொல்றேன். நீ 'ஆக்‌ஷன்'னு சொல்லி முடிக்கறதுக்குள்ள பொழுது போயிரும்" என்றது சொக்கன்.

படப்பிடிப்பு தொடங்கியது. வீரபத்திரன் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வந்தது.

"இந்தக் குளத்துல இனிமே யாரும் தண்ணி குடிக்கக் கூடாது!"

"எனக்குத் தாகமே இல்லண்ணே" என்றது கோகிலம்.

"இந்த நிழல்ல யாரும் ஒதுங்கக் கூடாது!"

"நான் வெயில்லயே நின்னுக்கறேண்ணே."

வீரபத்திரனுக்கு அதற்குமேல் கோபப்பட ஒன்றும் அகப்படவில்லை. கேமராவைப் பார்த்து, "அடுத்து நான் என்னப்பா பண்ணணும்?" என்று கேட்டது.

"ஒண்ணும் பண்ண வேணாம், படம் முடிஞ்சுபோச்சு" என்றது சொக்கன். "அஞ்சல, நீ எழுதின பாத்திரம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அப்படிப் பொருந்துது. கல்யாணமே பண்ணி வெச்சிரலாம். கதைதான் இல்ல."

அஞ்சலை ஒரு கிளையில் போய்த் தலைகீழாகத் தொங்கியது. அன்று மாலைவரை யோசித்தது. பிறகு இறங்கி வந்து மெதுவாகச் சொன்னது.

"குணம் வேற வேறயா இருக்கலாம் சொக்கா. ஆனா ரெண்டு பேருக்கும் வேணுங்கறது ஒண்ணா இருக்கணும். அதுவும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்."

வாத்தியார் சொல்லித் தராத ஒன்றை அது தானாகக் கண்டுபிடித்தது அதுவே முதல்முறை. சரியா தவறா என்று அதற்கே தெரியவில்லை. சொக்கன் பக்கத்து மரத்தில் தாவி ஏறி, பழுத்த பலாப்பழம் ஒன்றை இறக்கிக்கொண்டுவந்து நடுவில் வைத்தது.

"ஆக்‌ஷன்!"

"இது என் பழம்!" என்றது வீரபத்திரன்.

"யார் சொன்னது?" என்றது கோகிலம்.

"ஏம்மா, உன் குணம் பொறுமைதானே? பாறையில எழுதியிருக்கே!"

"பொறுமைன்னு எழுதியிருக்கு. பழத்தை விட்டுருவேன்னு எங்க எழுதியிருக்கு?"

அதற்குப் பிறகு நடந்தது நடிப்பில்லை. முள்ளும் மயிரும் பறந்தன. புதருக்குள் ஒரு துரத்தல், குளத்தைச் சுற்றி ஒரு துரத்தல். சொக்கன் குதித்துக் குதித்துக் கத்தியது, "அந்தப் பக்கம் திருப்பு! இந்தப் பக்கம் திருப்பு!" அஞ்சலை திருப்பத்தான் செய்தது. ஆனால் தேவாங்கு திருப்புகிற வேகத்துக்கு எந்தச் சண்டையும் காத்திருப்பதில்லை. ஆக, கேமராவில் பதிந்ததெல்லாம் நடுவில் கிடந்த பலாப்பழம்தான். அவ்வப்போது ஓரத்தில் ஒரு வால் தெரிந்தது.

சண்டை ஓய்ந்ததும் எல்லோருக்கும் பசி. நால்வருமாக உட்கார்ந்து பழத்தைத் தின்று தீர்த்தார்கள்.

படத்தைத் தேர்வுக்குழு பார்க்கும் நாள் வந்தது. குழுவுக்குத் தலைவர் கரடி. படம் ஓடி முடிந்தது. அஞ்சலை இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டது. மனத்துக்குள் பூச்சிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தது.

கரடி எழுந்தது.

"முள்ளம்பன்றி, முயல், ரெண்டும் சுமார். ஆனா அந்த மூணாவது நடிகர்! மேல முள்ளம்பன்றியோட முள்ளு, உள்ள முயலோட மென்மை. ரெண்டு பாத்திரத்தையும் ஒரே ஆளு தாங்கியிருக்காரு. எப்படிம்மா இப்படி ஒருத்தரக் கண்டுபிடிச்ச?"

"ஐயா, அது நடிக்கலைங்க" என்றது அஞ்சலை.

"அதான் நடிப்பு! நடிக்கறதே தெரியல பாரு! அவரக் கொஞ்சம் மேடைக்குக் கூப்பிடு."

சொக்கன் முந்திக்கொண்டது. "அவரு ஊருக்குப் போயிருக்காருங்க ஐயா. பரிசு ஏதாவது குடுத்தீங்கன்னா நானே கொண்டுபோய்ச் சேத்துருவேன்."

அஞ்சலை நிமிர்ந்து பார்த்தது. அரங்கின் சுவரில், 'படப்பிடிப்பில் நடிகரைத் தின்பவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். காட்டுக் கல்லூரிக்கு அப்படியொரு விதி அவசியம்தான். சொக்கன் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டால் பட்டம். மறுத்தால் மரம். அஞ்சலை தலையாட்டப் பார்த்தது. வழக்கம்போல நேரமாயிற்று. அதற்குள் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது.

"ஐயா, அவரு ஊருக்குப் போகல. நாங்க நாலு பேரும் சேந்து தின்னுட்டோம்."

நாரை வாத்தியார் இன்னொரு காலையும் கீழே ஊன்றிக்கொண்டார். சொக்கன் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கரடி அஞ்சலையின் பக்கம் குனிந்தது.

"எப்படி இருந்தாரு?"

அஞ்சலைக்குப் பொய் சொல்ல வரவில்லை. "நல்ல இனிப்புங்க ஐயா."

கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"கடைசிவரைக்கும் பாத்திரம் மாறல பாத்தீங்களா? பசின்னு வந்தவங்களுக்குத் தன்னையே குடுத்துட்டுப் போயிருக்காரு. எல்லாரும் எழுந்திருங்க."

அரங்கமே எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. மறைந்த மாபெரும் நடிகரின் கடைசிப் படத்தை எடுத்தவர் என்பதால், அஞ்சலை முதல் வகுப்பில் தேறியதாக அப்போதே அறிவித்தார்கள். "நான் சிந்தின முள்ளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று வீரபத்திரன் கத்தியது. அஞ்சலி நேரத்தில் சத்தம் போட்டதற்காக அதை வெளியே அனுப்பினார்கள்.

இது நிஜமா என்று எனக்குச் சந்தேகம். அதனால் பிறகு விசாரித்தேன். அஞ்சலை பட்டம் வாங்கியது உண்மை. அந்தப் பழத்தின் கொட்டை ஒன்று இப்போது புதுப் படமொன்றில் கதாநாயகன் என்பதும் உண்மை. இன்னும் முளைக்கவில்லையாம், ஆனாலும் அப்பா முகம் அப்படியே இருக்கிறது என்கிறார்கள். கதாநாயகனின் நண்பனாக வீரபத்திரன் நடிக்கிறது.

நீதி: நல்ல நடிகன் என்று பெயர் வாங்க, சண்டைக்கு நடுவில் சும்மா கிடந்தால் போதும். மாபெரும் நடிகன் என்று பெயர் வாங்க, அதற்குப் பிறகு யாராவது நம்மைத் தின்றிருக்க வேண்டும்.