ஈரம் சொட்டும் பேய்கள்

ஒஹாயோ மாநிலத்தின் மேப்பிள் ரிட்ஜ் குடியிருப்பில் ஈரத்துணி என்பது தனிமனித விவகாரம் அல்ல. அது பொது ஒழுங்கு சம்பந்தப்பட்டது. வீட்டுக்கு வெளியே யாரும் துணி உலர்த்தக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் விதி வகுத்திருந்தது. கொடியில் துணி தொங்கினால் இங்கே வசிப்பவர்கள் உள்ளாடை அணிகிறார்கள் என்ற தகவல் வெளியுலகுக்குக் கசிந்துவிடும். வீடுகளின் மதிப்பு சரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வீட்டின் நிலவறையிலும் துணி உலர்த்தும் டிரையர் ஒன்று உருண்டுகொண்டிருந்தது. வெளியே வெயில் யாருக்கும் பயன்படாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஹார்லன் நோவோட்னி வீட்டு டிரையர் அக்டோபர் தொடக்கத்தில் தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டது. உருளை சுற்றியது. விளக்கு எரிந்தது. வேலை முடிந்துவிட்டதாக மணிகூட அடித்தது. துணி மட்டும் ஈரமாகவே வெளியே வந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஹார்லனுக்கு ஏனோ தன் அலுவலகம் ஞாபகம் வந்தது. மாவட்டச் சாலைத்துறையில், சாலைக்குழிகளை மூடுவதற்கு அனுமதி வழங்கும் பிரிவில் அவர் மூத்த அதிகாரி.

அவர் மனைவி டோரீன் மருத்துவமனையில் நர்ஸ். ஈரச் சீருடையில் வேலைக்கு வந்ததற்காக அவளுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது.

“நேத்து ஒரு நோயாளி என் கையைத் தொட்டுட்டு, வெளியில மழை விட்டுடுச்சான்னு கேட்டார்,” என்றாள். “ரிப்பேர்க்காரனைக் கூப்பிடு, ஹார்லன்.”

“ஒரு டிரையரைச் சரிபண்ண எனக்குத் தெரியாதா? வீடியோ பாத்துட்டேன்.”

“எந்த வீடியோ? போன வருஷம் பாத்ரூம் குழாய்க்குப் பாத்தியே, அந்த ஆளோடதா?”

“அது வேற ஆள்.”

“ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு ஊருக்குள்ள சலவைக்கடையில போய் உக்காந்திருக்க என்னால ஆகாது. இன்னொரு தடவை ஈர யூனிஃபார்ம்ல போக வேண்டி வந்தா நேரா டொலீடோவுக்கு, லோயிஸ் வீட்டுக்குப் போயிடுவேன். என் தங்கச்சி டிரையர் நல்லா வேலை செய்யுது.”

“அவ புருஷன் அந்த டிரையரைப் பத்தியே பேசி உயிரை வாங்குவானே.”

“காஞ்ச துணி போட்டுக்கிட்டுக் கேக்கறதுல எனக்குக் கஷ்டமில்ல.”

அவள் சொன்னால் செய்வாள். ஹார்லன் அன்றே சட்டைக்கையை மடித்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். பஞ்சு வடிகட்டியைச் சுத்தம் செய்தார். இயந்திரத்தை இழுத்துத் திருப்பி, பின்னாலிருந்த காற்றுக்குழாயிலிருந்து ஒரு தலையணை தைக்கப் போதுமான பஞ்சை எடுத்தார். சூட்டு ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது. புதியது மாட்டினார். ஒரு சுற்றுத் துணி காய்ந்தது, ஃபியூஸ் போனது. இன்னொன்று மாட்டினார். அதுவும் போனது.

கருகிய ஃபியூஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். இது கெட்டுப்போகவில்லை. எங்கோ அடைப்பு இருக்கிறது, சூடு ஏறுகிறது என்று சொல்லிவிட்டு உயிரை விடுகிறது. அந்த மொத்த அமைப்பிலும் உண்மை பேசுவது இது ஒன்றுதான். அதனால்தான் இதை மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

குழாயைத் தொடர்ந்து வெளிச்சுவருக்குப் போனார். ஈரக்காற்று வெளியேற வேண்டிய வாயைக் காணவில்லை. தடவிப் பார்த்ததில், செங்கல் மாதிரியே வர்ணம் பூசிய தகடு ஒன்று அதன்மேல் பசை போட்டு ஒட்டியிருந்தது. திருப்புளியால் நெம்பப் போனபோது கோல்ஃப் வண்டி ஒன்று புல்வெளியோரம் வந்து நின்றது. சங்கத்தின் ஒழுங்குக் கண்காணிப்பாளர் டெல்பர்ட் ஷூக் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு இறங்கினார்.

“அதைத் தொடாதீங்க, மிஸ்டர் நோவோட்னி. அது தோற்ற ஒற்றுமைத் தகடு.”

“காத்து போற வழியை அடைச்சிருக்கு, டெல்பர்ட்.”

“வழியை யாரும் எடுத்துடல. வழி அங்கேயே இருக்கு. வெளியில தெரியக் கூடாது, அவ்வளவுதான்.”

“இதுக்கு யார் சம்மதிச்சது?”

“நீங்கதான். கோடைக்காலக் கூட்டத்துக்கு வராதவங்க எல்லாரும் சம்மதிச்சதாத்தான் கணக்கு. யாருமே வரல. அதனால ஏகமனதா நிறைவேறிச்சு.”

ஹார்லன் சங்கத் தலைவி விவியன் ப்ராக்டரிடம் முறையிட்டார். முடி கலையாத அம்மாள். பொறுமையாகக் கேட்டார்.

“வீடு தீப்பிடிச்சிடும்னு பயமா இருக்கு,” என்றார் ஹார்லன்.

“நியாயமான பயம். தீப்பிடிச்ச வீடுகளுக்கு விதிவிலக்கு இருக்கே.”

“முதல்ல வீடு எரியணுமா?”

“ஆதாரம் வேணுமில்லையா?”

“எரிஞ்ச வீட்டுல டிரையர் ஏதுங்க?”

“பாத்தீங்களா, அப்ப விதிவிலக்கே தேவைப்படாது. விதியில ஓட்டை இல்ல, மிஸ்டர் நோவோட்னி.”

“சுவத்துலயும் இல்லாமப் போச்சு,” என்று முணுமுணுத்துக்கொண்டே வீடு திரும்பினார்.

நிலவறையில் டோரீனின் சீருடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. ஹார்லன் கூடையைத் தூக்கினார். முன்வாசலில் இரண்டு மரங்களுக்கிடையே கயிறு கட்டினார். இரண்டு படுக்கை விரிப்பு, மூன்று சீருடை, தன்னுடைய சில்லறைச் சாமான்கள் அனைத்தையும் தொங்கவிட்டார். ஐம்பத்தைந்து வயதில் ஒரு விதியை மீறுவது இப்படி இருக்குமென்று அவர் நினைத்ததில்லை. விரிப்புகளின் ஓரங்களை நேராக இழுத்துவிட்டார்.

கோல்ஃப் வண்டி வந்தது.

“இது சலவைத் துணியா?” என்றார் டெல்பர்ட்.

பக்கத்து வீட்டுப் புல்வெளியில் மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் பேய்த் திருநாளுக்காகப் போலிக் கல்லறைகளும் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளும் சங்கத்தின் பூரண அனுமதியோடு நின்றுகொண்டிருந்தன. ஹார்லன் அவற்றைப் பார்த்தார்.

“பேய்,” என்றார்.

டெல்பர்ட் ஒரு விரிப்பைத் தொட்டார். தண்ணீர் அவர் ஷூவில் விழுந்தது. “பேய் ஏன் சொட்டுது?”

“ஏரியில விழுந்து செத்தது.”

“இந்த நீலமா இருக்கறது?”

“நர்ஸ் பேய்.”

“ஓரத்துல இருக்கற சின்னது ரெண்டு?”

ஹார்லன் தன் காலுறைகளைப் பார்த்தார். “இரட்டைப் பிறவிங்க.”

டெல்பர்ட் சிந்தித்தார். “பருவகால அலங்காரத்துல பேய்க்கு அனுமதி உண்டு. ஈரப் பேய்க்குன்னு தனியாத் தடை எதுவும் இல்ல. ஆனா கண்ணு இருக்கணும்.”

ஹார்லன் காகிதத்தில் கண்கள் வரைந்து கிளிப் போட்டு மாட்டினார். டெல்பர்ட் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் வாசலில் குளியலங்கிப் பேய் ஒன்று ஆடியது. அதற்கடுத்த வீட்டில் குழந்தைப் பேய்கள் வரிசையாக. ஒரு வாரத்தில் தெரு முழுக்கப் பேய்கள். தகடு எல்லார் வீட்டிலும்தான் ஒட்டப்பட்டிருந்தது. தன் வீட்டு டிரையருக்குத்தான் வியாதி என்று ஒவ்வொருவரும் இரகசியமாக வருந்திக்கொண்டிருந்தார். இப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை. “உங்க பேய் நல்லா வெளுத்திருக்கே,” என்பதற்கு மேல் பேச்சு போகவில்லை.

டோரீன் மொடமொடவென்று காய்ந்த சீருடையில் வேலைக்குப் போனாள். “முப்பது வருஷத்துல நீ சரிபண்ணின முதல் சாமான்,” என்று கன்னத்தில் தட்டினாள்.

பக்கத்து ஊர்களிலிருந்து பேய் பார்க்க ஜனங்கள் காரில் வந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை படம் போட்டது. விவியன் ப்ராக்டர் அவசரக் கூட்டம் கூட்டினார். இந்த முறை அத்தனை வீட்டாரும் ஆஜர். வங்கி மேலாளர் மேல்கோட்டுக்கடியில் நீச்சல் கால்சட்டையோடு வந்திருந்தார். டெல்பர்ட் தன் கல்யாணக் கோட்டில் இருந்தார். மற்றதெல்லாம் கயிற்றில் இருந்தது.

“நமக்குப் பெருமை சேர்ந்திருக்கு,” என்றார் விவியன். “ஒரே ஒரு குறை. காலையில இருக்கற பேய் சாயங்காலம் காணோம். பார்வையாளர்கள் குழம்பறாங்க. அதனால இப்போ தொங்கற பேய்ங்க எதையும் நவம்பர் முடியறவரைக்கும் கழட்டக் கூடாதுன்னு தீர்மானம். ஆட்சேபம் இருக்கறவங்க எழுந்து, அவங்க வீட்டுப் பேய் எதுக்காக உள்ள வரணும்னு காரணம் சொல்லலாம்.”

வீட்டுக்கு ஒரு குரல் என்பது விதி. நோவோட்னி வீட்டின் குரல் ஹார்லன் பேரில் பதிவாகியிருந்தது. டோரீன் அவர் விலாவில் இடித்தாள்.

“எந்திரி.”

“எல்லாரும் பாக்கறாங்க.”

“மூணு யூனிஃபார்மும் வெளியிலதான் தொங்குது, ஹார்லன். நாளைக்கு எனக்கு ஷிஃப்ட்.”

“நான் துணின்னு சொல்லிட்டா, மொத்தத் தெருவும் துணி ஆயிடும். எல்லாரும் மாட்டிக்குவாங்க.”

“நான்?”

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒவ்வொரு முகமும் அவரையே கெஞ்சிக்கொண்டிருந்தது: நீ எழுந்திரு, அல்லது தயவுசெய்து எழுந்திருக்காதே. எது என்று தெரியவில்லை. குழியில் விழுந்த எத்தனையோ பேர் தன் மேஜைக்கு முன்னால் நின்று இதே முகத்தோடு பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அடுத்த பருவத்தில் வாருங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“ஆதரிப்பவர்கள்?” என்றார் விவியன்.

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஹார்லன் தன் கையும் உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

டோரீன் வீட்டுக்கு வந்து பெட்டி கட்டினாள். கட்ட அதிகம் இல்லை.

மறுநாள் காலை டெல்பர்ட் கல்யாணக் கோட்டிலேயே சோதனைக்கு வந்தார்.

“உங்க மனைவி கார் இல்லையே?”

“டொலீடோ போயிருக்கா.”

“பேய்ங்க?”

“எல்லாம் இருக்கு.”

“அப்ப ஒழுங்கா இருக்கு,” என்று டெல்பர்ட் குறித்துக்கொண்டார். ஆனால் போகாமல் சற்று நின்றார். “என் வீட்டுக்காரியும் காலையில கிளம்பிட்டா. அவ அக்கா வீட்டுல டிரையர் இருக்காம்.”

இருவரும் தெருவைப் பார்த்தார்கள். கார் நிறுத்தும் இடங்கள் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. நல்ல வெயில், நல்ல காற்று. வீட்டுக்கு வீடு துணிகள் அருமையாகக் காய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அவற்றைப் போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.